கோச், நம்ம ஊர்ப் பசங்களை நீங்களே நேர்ல வந்து பாருங்க

கோச் மாரியோ கிறிஸ்டோபால் அவர்களுக்கும், மயாமி யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீமுக்கு ஆள் எடுக்கற ரெக்ரூட்டிங் ஆபீஸ்ல உக்காந்து ராத்திரி பகலா வீடியோ பாக்கற அத்தனை பேருக்கும்,

வணக்கம். லெட்டர் தமிழ்ல இருக்கு, உங்களுக்கு படிக்க வராதுன்னு தெரியும், யாராவது ஃபோன்ல டிரான்ஸ்லேட் போட்டு படிச்சுக் காட்டுங்க. எனக்கு ஆதங்கம் வந்தா தமிழ்லதான் வரும், என்ன பண்றது. அப்புறம் இங்க சவுத் ஃப்ளோரிடால இருக்கற நம்மாளுங்க கொஞ்ச பேரு இதைப் படிப்பாங்க, அவங்களுக்கு ஒரே வார்த்தை: இது கால்ல உதைக்கற ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் போட்டு இடிச்சுக்கறது.

2026 ஜனவரி 19 ராத்திரி. நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபைனல், அதுவும் ஹார்ட் ராக் ஸ்டேடியத்துல, நம்ம சொந்த கிரவுண்ட்ல. மிராமர்ல இருக்கற எங்க வீட்ல இருந்து ட்ராஃபிக் இல்லன்னா இருபது நிமிஷம், ஆனா டிக்கெட் விலைய பாத்துட்டு நான் சோஃபாலயே உக்காந்துட்டேன். 2001-க்கு அப்புறம் நாம கப்பே தொட்டதில்ல, இருபத்தஞ்சு வருஷம் ஆகப் போகுது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் (ஜமைக்காக்காரர், நான் இந்த கேமை கத்துக்கிட்டதே அவர்கிட்டதான்) பழைய ஆரஞ்சு பௌல் (நம்ம பழைய ஸ்டேடியம்) டீஷர்ட் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கார், ரெண்டு பேருக்கும் பேச்சே வரல.

நாலாவது குவாட்டர், நாலாவது டவுன், அதாவது கடைசி சான்ஸ், நாலு யார்டு வேணும். இண்டியானா ஃபீல்ட் கோலுக்கு போகாம ரிஸ்க் எடுக்கறாங்க, குவாட்டர்பேக் (பந்தை வாங்கி மத்தவங்களுக்கு போடற முக்கிய ஆளு) பந்தை யாருக்கும் போடாம அவனே எடுத்துக்கிட்டு நடுவுல பூந்து நம்ம ஆளுங்க மேல மோதி, திரும்பி, மறுபடி மோதி, 12 யார்டு தாண்டி விழுந்து டச்டவுன். அப்பவும் கேம் முடியல, கடைசி நிமிஷத்துல பந்து நம்மகிட்ட இருக்கு, ஒரு டச்டவுன் போட்டா கதையே மாறிடும், நம்ம குவாட்டர்பேக் கார்சன் பெக் தூக்கிப் போட்ட பந்தை அவங்க கார்னர்பேக் (பாஸைத் தடுக்கற ஆளு) ஒருத்தன் வந்து புடிச்சுட்டான். 27-21. இண்டியானா 16-0, அவங்க சரித்திரத்துல முதல் கப்பு.

அந்த குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா, மயாமி பையன். அந்த பந்தை புடிச்ச ஜமாரி ஷார்ப், அவனும் மயாமி பையன்.

பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப நேரம் டிவியையே பாத்துட்டு இருந்துட்டு எந்திரிச்சு போகும்போது சொன்னார், நம்மளை நம்ம பசங்களே தோக்கடிச்சுட்டாங்கன்னு. அந்த வார்த்தைதான் இத்தனை மாசமா என் தலைக்குள்ள ஓடிட்டு இருக்கு, அதான் இந்த லெட்டர்.

மெண்டோசா படிச்சது கிறிஸ்டஃபர் கொலம்பஸ் ஹைஸ்கூல். கோச், அது நீங்க படிச்ச ஸ்கூல்! உங்க கேம்பஸ்ல இருந்து காரை எடுத்தா ஒரு காபி ஆறுறதுக்குள்ள போய் சேர்ற தூரம். எண்பதுகள்ல மயாமிக்கு ஆடின அலோன்ஸோ ஹைஸ்மித்தும் அதே ஸ்கூல்தான். அந்த ஸ்கூல் பையனுக்கு உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு ஸ்காலர்ஷிப் ஆஃபர் போகல, முதல்ல யேல் யூனிவர்சிட்டிக்கு வர்றேன்னு சொல்லிட்டு இருந்தான், கடைசி நேரத்துல 'கால்'னு சொல்ற பெர்க்லி கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி டீம் கூப்பிட்டதும் நாட்டோட அந்தக் கோடிக்கு போயிட்டான். 2024 அக்டோபர்ல பெர்க்லில கால் டீமுக்காக நம்மளுக்கு எதிரா ஆடினான், ஞாபகம் இருக்கா, 35-10னு நம்மள போட்டு புரட்டி எடுத்துட்டு இருந்தாங்க, அப்ப நம்ம குவாட்டர்பேக்கா இருந்த கேம் வார்டு புண்ணியத்துல 39-38ன்னு தப்பிச்சு வந்தோம். அந்த ராத்திரியே அந்தப் பையன் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் இண்டியானா போனான், காலேஜ் ஃபுட்பால்ல அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரனுக்கு குடுக்கற ஹைஸ்மன் டிராஃபிய வாங்கினான், அப்புறம் நம்ம கிரவுண்டுக்கே வந்தான்.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். நீங்க மயாமிக்கு கோச்சா வந்தது 2021 டிசம்பர்ல, அவன் ஸ்கூல் முடிச்சது 2022-ல, அந்தக் கொஞ்ச நாள்ல நீங்க ஆபீஸ் சாவி எங்க இருக்குன்னு தேடிட்டு இருந்திருப்பீங்க. அதனால மெண்டோசாவை விட்டது உங்க தலையில மட்டும் போடற குத்தம் இல்ல. அவனுக்கு பெரிய ஸ்டார் ரேட்டிங்கும் (ஹைஸ்கூல் பசங்களுக்கு வெப்சைட்டுங்க போடற மார்க்) கிடையாது, மத்த பெரிய காலேஜுங்களும்தான் விட்டாங்க. ஆனா ஓஹையோல இருக்கறவனுக்கு தெரியாம போனா அது சரி, ஆறேழு மைல்ல இருக்கற நமக்கு எப்படி தெரியாம போச்சு?

இந்த டீமே பக்கத்துல இருக்கறவனை போய் பாத்ததாலதான் உருவாச்சு, இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, நீங்களே அதுல ஆடி கப்பு வாங்கினவர். ஆனா இப்ப ஆபீஸ்ல இருக்கற சின்னப் பசங்க எத்தனை பேருக்கு தெரியும்னு தெரியல, அவங்களுக்காக சொல்றேன்.

1979-ல ஹோவர்ட் ஷ்னெல்லன்பெர்கர் வந்தப்ப மயாமில ஃபுட்பாலையே மூடிடலாமான்னு யூனிவர்சிட்டி யோசிச்சுட்டு இருந்த நேரம். ஆரஞ்சு பௌல்ல பாதி சீட்டு காலி. அந்த மனுஷன் சாதாரண ஆளில்ல, அலபாமால 'பேர்' பிரயன்ட்னு ஒரு பெரிய கோச்கிட்ட வேலை பாத்தவர், ஜோ நேமத்ங்கற குவாட்டர்பேக்கை பென்சில்வேனியால இருந்து அலபாமாக்கு கூட்டிட்டு போனதுல பெரிய பங்கு அவரோடது, 1972-ல ஒரு மேட்ச் கூட தோக்காத மயாமி டால்ஃபின்ஸ் என்எஃப்எல் டீமோட கோச்சுங்கள்ல ஒருத்தர். அப்பேர்ப்பட்டவர் நாடு முழுக்க சுத்தி ஆள் புடிப்பார்னு எதிர்பாத்தா, அவரு டாம்பா பக்கத்துல இருந்து குறுக்க ஒரு கோடு போட்டு, அதுக்கு தெற்கே இருக்கற மொத்த இடத்துக்கும் மயாமி மாநிலம்னு ஒரு பேரு வெச்சு, இங்க இருந்து ஒரு நல்ல பையன் கூட வெளிய போகக் கூடாதுன்னார். அஞ்சு வருஷத்துல நேஷனல் சாம்பியன்னும் சொன்னார். சிரிச்சிருப்பாங்க, நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.

அது எந்த நேரம்னு பாருங்க. 1980 மே மாசம், கறுப்பினத்தவர் ஒருத்தரை அடிச்சுக் கொன்ன கேஸ்ல போலீஸ்காரங்க விடுதலையாகி, மயாமில லிபர்ட்டி சிட்டி ஏரியா பத்தி எரிஞ்சு 18 பேர் செத்துப்போன சமயம். வெளியாளுங்க காரை நிறுத்தவே யோசிச்ச தெருக்கள்ல, ஒரு வெள்ளைக்கார கோச் வாயில பைப்பை வெச்சுக்கிட்டு கோட்டு போட்டுக்கிட்டு ஒவ்வொரு வீட்டு ஹால்லயும் போய் உக்காந்து அம்மாக்கள்கிட்ட பேசினார். மெல்வின் பிராட்டன் நார்த்வெஸ்டர்ன் ஹைஸ்கூல்ல இருந்து வந்தான், ஹைஸ்மித் கொலம்பஸ்ல இருந்து, மைக்கேல் இர்வின் ஃபோர்ட் லாடர்டேல் செயின்ட் தாமஸ் அக்வைனஸ்ல இருந்து, பிளேட்ஸ் அண்ணன் தம்பிங்க சன்ரைஸ்ல இருந்து. 1983 சீசன் முடிஞ்சு ஆரஞ்சு பௌல்ல நெப்ராஸ்காவை 31-30ன்னு ஜெயிச்சாங்க, கடைசில அவங்க ஜெயிக்க ரெண்டு பாயின்டுக்கு போனப்ப நம்ம கென்னி கால்ஹூன் பந்தை ஒரு விரல்ல தட்டி விட்டானே, அது. சொன்ன மாதிரியே அஞ்சு வருஷம்.

சிரிச்சவங்க எல்லாம் வாயை மூடினாங்க.

ஆனா இங்க ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்த ஃபைனல்ல குவாட்டர்பேக் பெர்னி கோஸார், ஓஹையோ பையன். அவனுக்கு முன்னாடி ஜிம் கெல்லி, பென்சில்வேனியா. 2001 டீம்ல கென் டோர்சி கலிஃபோர்னியா, எட் ரீட் லூயிசியானா. அதே டீம்ல ஆண்ட்ரே ஜான்சன் மயாமி ஹை, ஃபிராங்க் கோரும் ஜொனதன் வில்மாவும் கோரல் கேபிள்ஸ் ஹை (கேம்பஸுக்கு நடந்தே போயிடலாம்), ஷான் டெய்லர் கலிவர், வில்லிஸ் மெக்கஹி சென்ட்ரல், ஆன்ட்ரெல் ரோல் சவுத் டேட். அதாவது நாலஞ்சு பேரை வெளிய இருந்து பொறுக்கி எடுத்தாங்க, டீமோட எலும்பு பூரா இங்கத்து எலும்பு. 1985-ல இருந்து 1994 வரைக்கும் அந்த பழைய ஸ்டேடியத்துல வரிசையா 58 மேட்ச் தோக்கலன்னா, ஸ்டாண்ட்ல உக்காந்திருந்தவன்ல பாதி பேருக்கு கிரவுண்ட்ல ஓடறவன் மச்சானோ மாமாவோ சர்ச்ல கூட பாடினவனோ, அதுவும் ஒரு காரணம்னு எனக்கு தோணும்.

அப்புறம் என்னாச்சு? வேலி ஓட்டையாச்சு. டெடி பிரிட்ஜ்வாட்டர் நார்த்வெஸ்டர்ன் பையன், மயாமிக்கு வர்றேன்னு வாக்கு குடுத்தவன், 2010 கடைசில நம்ம கோச் ராண்டி ஷானனை வேலைய விட்டு தூக்கினதும் லூயிவில் போயிட்டான். அப்புறம் பாய்ன்டன் பீச்ல இருந்து லமார் ஜாக்சன், அதே லூயிவில், 2016 ஹைஸ்மன். வேடிக்கை என்னன்னா அந்த லூயிவில் டீமை எண்பதுகள் கடைசில தூக்கி நிறுத்தினவரே நம்ம ஷ்னெல்லன்பெர்கர்தான், மயாமிய விட்டுட்டு போய். அமாரி கூப்பர், கால்வின் ரிட்லி, ஜெர்ரி ஜூடி, பாட்ரிக் சர்டெயின் மகன், நாலு பேரும் இங்கத்து பசங்க, நாலு பேரும் அலபாமா. டால்வின் குக் சென்ட்ரல்ல இருந்து ஃப்ளோரிடா ஸ்டேட். போசா அண்ணன் தம்பி ஓஹையோ ஸ்டேட். எங்க மிராமர் ஹைஸ்கூல் ஜீனோ ஸ்மித் மலையேறி வெஸ்ட் வர்ஜீனியா போனான். ஜெரமையா ஸ்மித், சாமினாட் ஸ்கூல், ஹார்ட் ராக்ல இருந்து கூப்பிடு தூரம், அவனும் ஓஹையோ ஸ்டேட் போய் முதல் வருஷமே கப்பு வாங்கிட்டான். இன்னும் சொல்லலாம், சொன்னா எனக்கு பிபி ஏறும்.

இதுக்கு எதிரா உங்க ஆபீஸ்ல ஒருத்தர் கண்டிப்பா 2008-ஐ எடுப்பார். சரி, நானே எடுக்கறேன். 2007-ல நார்த்வெஸ்டர்ன் டீம் ஒரு மேட்ச் தோக்கல, டெக்சாஸுக்கு போய் சவுத்லேக் கேரலை அவங்க மண்ணுல ஜெயிச்சுட்டு வந்தாங்க, அந்த ஒரே ஸ்கூல்ல இருந்து எட்டு பேரை 2008-ல மயாமி அள்ளிட்டு வந்துச்சு. ஊரே கொண்டாடிச்சு. குவாட்டர்பேக் ஜேகோரி ஹாரிஸ், கோச் ஷானனும் இந்த ஊர்க்காரர், இதை விட லோக்கலா ஒரு டீம் இருக்க முடியாது. கப்பு வந்துச்சா? பக்கத்துல கூட வரல. சுத்தி இருக்கற லைன்மேன், பேக்கப், கோச்சிங் இதெல்லாம் சரியில்லன்னா எட்டு பேர் இல்ல எம்பது பேர் வந்தாலும் ஆகாது. ஊர்க்காரன்ங்கற ஒரே காரணத்துக்காக எடுன்னு நான் சொல்லவே இல்ல கோச். அப்படி எடுத்தா அந்தப் பையனுக்கும் அது நல்லதில்ல.

நான் சொல்றது வேற. பக்கத்துல இருக்கறதோட லாபமே பாக்க முடியறதுதான். அலபாமாக்காரன் விமானம் ஏறி வந்து ரெண்டு தடவை பாப்பான், மிச்சத்துக்கு வீடியோ, ஸ்டார், கேம்ப்ல ஓடின நாப்பது யார்டு டைம். உங்களால ஒரு பையனை ஒம்போதாம் கிளாஸ்ல இருந்து பாக்க முடியும், தோத்த மேட்ச்ல எப்படி நடந்துக்கறான், மழைல எப்படி போடறான், அவன் கோச் அவனைப் பத்தி கேமரா இல்லாதப்ப என்ன சொல்றார், ஒரே வருஷத்துல நாலு இன்ச் வளந்துட்டானா. மெண்டோசா விஷயத்துல தெரிய வேண்டியது எல்லாம் இந்த மாதிரி விஷயம்தான், ஸ்டார்ல வராது. அந்த லாபத்தை தூக்கி போட்டுட்டு நாமளும் எல்லாரையும் மாதிரி அதே லிஸ்டை பாத்து அதே பசங்க பின்னாடி ஓடினா, அப்புறம் மயாமில இருந்தா என்ன மான்டனால இருந்தா என்ன.

ஸ்டார் எப்படி வருதுன்னு உங்களுக்கு தெரியாததில்ல. செவன் ஆன் செவன் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடறது) டீம்ல ஊர் ஊரா போகணும், கேம்புக்கு போகணும், அதுக்கு டிக்கெட், ஹோட்டல், கொண்டு போய் விட ஒரு ஆள். ஒக்கீசோபி ஏரிக்கரைல பெல் கிளேட், பஹோக்கினு ரெண்டு சின்ன ஊர், கறுப்பு சேத்து மண்ணு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரும்பு. அறுவடைக்கு முன்னாடி கரும்புத் தோட்டத்துக்கு தீ வெப்பாங்க, உள்ள இருக்கற முயலுங்க அலறி அடிச்சு வெளிய ஓடும், பசங்க அதை வெரட்டி கையால புடிப்பாங்க, ஓட்டம் அங்க கத்துக்கறது. பாக்கறவங்க அதை ஏதோ கதை மாதிரி சொல்லி ரசிக்கறாங்க, ஆனா முயலை புடிச்சு வித்தா கைல நாலு காசு, அதான் விஷயம். அந்த ரெண்டு ஊர்ல இருந்து ஆன்குவான் போல்டின், சான்டோனியோ ஹோம்ஸ், ஃப்ரெட் டெய்லர், ரிக்கி ஜாக்சன்னு ஒரு படையே வந்திருக்கு, இந்த நாலு பேர்ல ஒருத்தர் கூட மயாமிக்கு ஆடல. டிராவிஸ் பெஞ்சமின் மாதிரி சில பேர்தான் வந்தாங்க, என்ன ஓட்டம்னு நாமளே பாத்தோம். கோரல் கேபிள்ஸ்ல இருந்து அங்க போக ரெண்டு மணி நேரம். கேம்புக்கு வர காசில்லாத பையன் வரமாட்டான், நாமதான் போகணும்.

இப்ப காசு விஷயம். 2021 ஜூலைல பசங்க பேரை வெச்சு சம்பாதிக்கலாம்னு வந்துச்சு, ரொம்ப நல்லது, லேட்டா வந்த நியாயம், நான் அதுக்கு எதிரி இல்ல. அதே வருஷம் ஒரு தடவை காலேஜ் மாறினா ஒரு வருஷம் சும்மா உக்காரத் தேவையில்லன்னு ஆச்சு, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற விரும்பறவங்க பேர் குடுக்கற லிஸ்ட்) சந்தை ஆயிடுச்சு. 2025-ல இருந்து காலேஜே நேரா காசு குடுக்கலாம், முதல் வருஷம் (2025-26) ஒரு காலேஜுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்ச வரம்பா இருந்துச்சு, எல்லா விளையாட்டுக்கும் சேத்து. கூடவே ஃபுட்பால் டீம்ல 105 பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஒரு கணக்கு. முன்னாடி 85 ஸ்காலர்ஷிப், அது போக சொந்த காசுல படிச்சுட்டு ஆடற வாக்-ஆன் பசங்க, எல்லாம் சேந்து 120க்கு மேல கூட போகும்.

இந்த 105-ல அடி வாங்கினது யாருன்னு யாரும் பெருசா பேசல. வாக்-ஆன் பசங்கதான், அவங்கள்ல நிறைய பேர் உள்ளூர்க்காரங்க, ஏன்னா சொந்த காசுல படிக்கறவன் வீட்டுப் பக்கத்துலதானே படிப்பான்.

எங்க தெருவுலயே நடந்துச்சு. நான் சொன்னேனே அந்த ஜமைக்கா குடும்பம், அவங்க கடைசி பையன், சின்ன வயசுல எங்க வீட்டு கார் மேல பந்து போட்டு கண்ணாடிய உடைச்சவன், கார்னர்பேக். ஸ்டார் ரெண்டுதான். ஒரு காலேஜ்ல (பேர் வேணாம், மயாமி இல்ல, பயப்படாதீங்க) உனக்கு வாக்-ஆன் சீட்டு உறுதின்னு கை குடுத்தாங்க, வீட்ல கேக் வெட்டினாங்க, நானும் போய் சாப்பிட்டேன். ஜூன் வரைக்கும் ஃபோன் எடுத்தாங்க. அப்புறம் ஒருநாள் ஒரு மெசேஜ், ரோஸ்டர் கணக்கு மாறிடுச்சு, மன்னிக்கணும்னு. அவன் இடத்துக்கு யாருன்னு பாத்தா இருபத்திமூணு வயசு ஆளு, அது அவனுக்கு நாலாவது காலேஜ். அந்த ஆளு மேல தப்பில்ல, அவனுக்கும் குடும்பம் இருக்கும். பையன் இப்ப ஒரு வேர்ஹவுஸ்ல ராத்திரி ஷிஃப்ட் போறான், காலைல ஆறரைக்கு தெருமுனை பார்க்ல தனியா ஓடறான், நான் நாயைக் கூட்டிட்டு போறப்ப கைய தூக்கி காட்டுவான். என்னால என்னைக்கும் சரியா திருப்பி காட்ட முடியல.

நான் சின்ன வயசுல எங்க ஊர்ல டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட்ல ஆடுவோம், பரிசு பெரிசா இருந்தா டவுன்ல இருந்து ரெண்டு கெஸ்ட் பிளேயரை காசு குடுத்து இறக்குவாங்க. ரெண்டு பேர் வரைக்கும் ஜாலியா இருக்கும், அவன் அடிக்கற சிக்ஸரை பாத்து நாமளும் கத்துக்கலாம். ஒரு வருஷம் ஏழு பேரை இறக்கிட்டாங்க. கப்பு வந்துச்சு. கோயில் மைதானத்துல அந்த கப்பை சுத்தி நின்னு போட்டோ எடுக்க ஊர்ல ஆளே வரல, நாங்க எல்லாம் ஓரமா நின்னு வேடிக்கை பாத்தோம். 2024-ல கேம் வார்டு, 2025-ல கார்சன் பெக், ரெண்டு பேரும் கெஸ்ட்தான், ரெண்டு பேரையும் நான் தலைல தூக்கி வெச்சு ஆடினேன், ஒத்துக்கறேன். கேம் வார்டு டெக்சாஸ்ல ஒரு ஸ்டார் கூட இல்லாம இருந்த பையன், இன்கார்னேட் வேர்டுன்னு ஒரு சின்ன காலேஜ் மட்டும் நம்பி எடுத்துச்சு, கடைசில என்எஃப்எல் டிராஃப்ட்ல (ப்ரோ டீமுங்க வரிசையா ஆள் எடுக்கறது) முதல் ஆளா போனான். அவனை வாங்க நாம எவ்வளவு காசு செலவு பண்ணோம்னு யோசிச்சு பாருங்க. அவனை மாதிரி ஒருத்தன் ஹையலியாலயோ ஹோம்ஸ்டெட்லயோ இப்ப பந்து போட்டுட்டு இருந்தா, அவனை வேற யாரோ எடுத்து வளத்து நாலு வருஷம் கழிச்சு நமக்கே விப்பாங்க.

நல்லதையும் சொல்லணும், இல்லன்னா லெட்டர் திட்டு மாதிரி ஆயிடும். ரூபன் பெய்ன் சென்ட்ரல் பையன், மார்க் ஃப்ளெட்சர் அமெரிக்கன் ஹெரிட்டேஜ், ஓஹையோ ஸ்டேட்டுக்கு போறேன்னு இருந்தவனை நீங்க திருப்பி கூட்டிட்டு வந்தீங்க. மலாகாய் டோனி, லிபர்ட்டி சிட்டில வளந்தவன், பன்னெண்டாம் கிளாஸ் படிக்க வேண்டிய வயசுல ஒரு வருஷம் முன்னாடியே ஸ்கூலை முடிச்சுட்டு வந்து மொத்த நாட்டையும் வாய் பொளக்க வெச்சான். ஃபைனல் வரைக்கும் நம்மள தூக்கிட்டு போனது இந்த மூணு பேர்தான்னு நான் அடிச்சு சொல்லுவேன். ஓஹையோ ஸ்டேட்டை காட்டன் பௌல்ல 24-14ன்னு அடிச்ச அன்னைக்கு எங்க தெருவுல புது வருஷ வெடியையும் இதையும் பிரிச்சே பாக்க முடியல. அதனால உங்களுக்கு தெரியாதுன்னு சொல்ல வரல. ஸ்டார் இருக்கற ஊர்ப் பையனை நீங்க நல்லாவே புடிக்கறீங்க. ஸ்டார் இல்லாதவன்தான் கை நழுவி போறான்.

என்ன கேக்கறேன்னா, பெருசா ஒண்ணும் இல்ல. அந்த 105-ல ஒரு அஞ்சாறு இடம், அவ்வளவுதான், டேட், பிரவர்ட், பாம் பீச்னு நம்ம பக்கத்து மூணு கவுண்டி பசங்களுக்குன்னு கடைசி வரைக்கும் பூட்டி வைங்க, டிசம்பர் மொத வாரத்துக்குள்ள எல்லாத்தையும் நிரப்பிடாதீங்க. பசங்க காலேஜுக்கு கையெழுத்து போடற நாளை பிப்ரவரில இருந்து டிசம்பருக்கே கொண்டு வந்ததுல இருந்து ஒரு பையன் கடைசி வருஷத்துல ஆடி முடிக்கறதுக்குள்ளயே கதவை சாத்திடறாங்க, லேட்டா வளர்றவன் செத்தான். மெண்டோசாவும் கடைசி நேரத்துல கதவு தொறந்தவன்தான், தொறந்தது பெர்க்லில. அப்புறம் உங்க கேம்பஸ்ல வருஷத்துக்கு டியூஷன் மட்டும் அறுபதாயிரம் டாலருக்கு மேல, லிபர்ட்டி சிட்டி பையன் வாக்-ஆனா வான்னு வாயால சொல்றதுல அர்த்தமே இல்ல, அந்த அஞ்சாறு பேருக்கு யூனிவர்சிட்டி வேற ஏதாவது வழில ஃபீஸை பாத்துக்கணும், பணக்கார பழைய மாணவருங்ககிட்ட குவாட்டர்பேக்குக்கு கேக்கற காசுல ஒரு ஓரத்தை கேட்டா போதும்.

இன்னொண்ணு, ஹைஸ்கூல் கோச்சுங்க. போர்ட்டல் வந்ததுல இருந்து தங்களை யாரும் மதிக்கறதில்லன்னு அவங்க புலம்பறதை ஸ்டாண்ட்ல உக்காந்து நானே கேட்டிருக்கேன். ஸ்டார் பையன் இருந்தா காலேஜ் கார் அஞ்சு நிக்குது, அவன் போனதும் ஒரு கார் கூட இல்லைங்கறாங்க. அவங்கதான் உங்க கண்ணு. உங்க ஆளுங்க வெளிய போய் பாக்கறதுக்கு என்சிஏஏ (காலேஜ் விளையாட்டுக்கு ரூல் போடற அமைப்பு) நாள் கணக்கு வெச்சிருக்கு, எல்லா வெள்ளிக்கிழமையும் முடியாதுன்னு தெரியும், ஆனா அந்த கோச்சுக்கு ஃபோன் பண்ணி உங்க டீம்ல யாரும் பாக்காத பையன் யாருன்னு கேளுங்க. யாரும் அவரை அந்த கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க.

சரி கோச். ஆகஸ்ட் கடைசில ஹைஸ்கூல் சீசன் ஆரம்பிக்குது. மயாமி டேட் காலேஜ் நார்த் கேம்பஸ்ல டிரேஸ் பவல் ஸ்டேடியம், உங்களுக்கு வழி தெரியும். முதல் வெள்ளிக்கிழமை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அங்க இருப்போம், மேல இருந்து மூணாவது வரிசை, அந்த பழைய ஆரஞ்சு பௌல் டீஷர்ட்டை வெச்சு கண்டுபுடிச்சுடலாம். கான்ச் ஃப்ரிட்டர் (சங்குக் கறி போண்டா) வாங்கி வைக்கறேன். பெரிய ஸ்டார் பையன் ஆடற மேட்ச் இல்ல அது, அதனால பார்க்கிங் ஈஸியா கிடைக்கும்.

இப்படிக்கு,
மிராமர்ல இருந்து ஒரு ரசிகன்